இரும்பும் தகரமும் – பழைய கார் அன்பர்களின் அபிப்பிராயங்கள்

(சங்கத்தின் மும்பை உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"பென்ஷன், மெடிக்கல் பில், உயில் எல்லாம் பேசியாச்சு. இந்தத் தடவை கொஞ்சம் லேசா ஏதாவது பேசுங்கோ சார்" என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். ஆகவே கார்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆனால் இதுவும் அவ்வளவு லேசான விஷயம் இல்லை என்பதை முடிவில் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

நம் கூட்டங்கள் முடிந்து கீழே செருப்பு மாட்டிக்கொள்ளும் இடத்தில், கார் பேச்சு எடுக்காத நாள் கிடையாது. செம்பூர்க்காரர் ஒருவர் அம்பாஸிடர் கட்சி. மாட்டுங்காக்காரர் பியட் கட்சி. டோம்பிவிலியிலிருந்து வருகிறவர் சென்னையில் வளர்ந்தவர். அவர் ஸ்டாண்டர்ட் ஹெரால்டைத் தவிர வேறு எதையும் கார் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். பேரப்பிள்ளைகள் போர்ஷே, பெராரி என்று பேசுகிறார்கள். வருஷக்கணக்காகக் கேட்டதில், இந்த வாதங்களை மூன்று வாக்கியங்களில் அடக்கிவிடலாம் என்று தோன்றுகிறது. ஒன்று, "அந்தக் காலத்துக் கார் இரும்பு, இந்தக் காலத்துக் கார் தகரம்." இரண்டு, "எஞ்சின் பெரிசா இருந்தாத்தான் வண்டி பறக்கும்." மூன்று, "பழைய காரை ஓட்டற சுகம் புதுசுல வராது."

நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். பிறகு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கோப்புகளைப் பார்த்தவன். ஒரு கோப்பு வந்தால், இதில் கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியது எது, அவரவர் ருசி எது, வெறும் பழைய ஞாபகம் எது என்று பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். இந்த மூன்று வாக்கியங்களையும் அப்படியே பிரித்துப் பார்க்கிறேன்.

முதலில் அந்தக் கார்களுக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுவோம். நமக்கு வாலிபம் வந்தபோது நம் ரோடுகளில் முக்கியமாக மூன்றே ஜாதிக் கார்கள். கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாஸிடர். இது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் மறுபிறவி. நம் ஊர்க் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்த பியட் 1100; 1964 முதல் டிலைட், பிறகு 1974-ல் பத்மினி. சென்னைக்கு வெளியே ஸ்டாண்டர்ட் கம்பெனி 1961 முதல் செய்த ஹெரால்டு. பணத்தைக் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது "பையன் பியட்டுக்குப் புக் பண்ணியிருக்கான்" என்பதே ஒரு தகுதியாகச் சொல்லப்பட்டது.

அந்தக் கார்களுக்கு ஒரு பெரிய குணம் இருந்தது. பானட்டைத் திறந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். கார்புரேட்டர், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், விசிறி பெல்ட் எல்லாம் கண்ணுக்கு எதிரே இருக்கும். ஹெரால்டில் பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும்; டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். ரோட்டோர மெக்கானிக் ஒருவர் ஸ்க்ரூ டிரைவரும் உப்புத்தாளும் வைத்துக்கொண்டு உயிர் கொடுத்துவிடுவார். பிரிட்டனின் டாப் கியர் நிகழ்ச்சி 2013-ல் பல நாட்டு டாக்ஸிகளைப் போட்டிக்கு விட்டபோது அம்பாஸிடர்தான் முதலிடம் பெற்றது. வேடிக்கை என்னவென்றால், அடுத்த வருஷம் மே மாதமே உத்தர்பாராவில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது.

இனி முதல் வாக்கியத்துக்கு வருவோம்: இரும்பும் தகரமும்.

புதுக் காரின் கதவை விரலால் தட்டிப் பார்த்து "டப்பா" என்று சொல்கிறோம். பழைய காரின் பம்பர் சுவரில் இடித்தால் சுவருக்குத்தான் சேதம் என்று பெருமைப்படுகிறோம். சுவருக்குச் சேதம் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் மனிதருக்கு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 60 கி.மீ. என்றால் வினாடிக்கு 16.7 மீட்டர். இந்த வேகத்தில் போகும் கார் எதன் மேலோ மோதி நிற்கிறது. விறைப்பான கார், மூக்கு நசுங்காமல் 10 செ.மீ. தூரத்துக்குள் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை இருமடங்கு தூரத்தால் வகுத்தால் வேகக்குறைப்பு கிடைக்கும். அது புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 140 மடங்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மேல் விழும் விசை ஏறக்குறைய 10 டன். அதே காரின் முன்பாகம் 60 செ.மீ. நசுங்கிக்கொடுத்து நின்றால் 24 மடங்குதான். விசை ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல். பெல்ட் போட்டுக்கொண்டிருப்பவருக்கு அதுவும் வலிக்கும். ஆனால் பிழைக்க வழியுண்டு. தேங்காயைக் கருங்கல்லில் போடுவதற்கும் வைக்கோல் போரில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

ஆகவே புதுக் காரின் மூக்கு நசுங்குவது பலவீனம் இல்லை, அப்படி நசுங்கவேண்டும் என்றே செய்திருக்கிறார்கள். மூக்கு மெத்து, நாம் உட்காரும் அறை கெட்டி என்ற இந்த யோசனைக்கு மெர்சிடிஸ் கம்பெனியின் பேலா பாரென்யி என்ற பொறியாளர் 1950களின் தொடக்கத்திலேயே காப்புரிமை பெற்றார். 1959-ல் அது விற்பனைக் காரில் வந்தது. அதே 1959-ல்தான் வால்வோ கம்பெனியின் நீல்ஸ் போலின் இன்று நாம் போடும் மூன்று முனை பெல்ட்டைக் கொண்டுவந்தார். வால்வோ அந்தக் காப்புரிமையை மற்றக் கம்பெனிகளும் உபயோகித்துக்கொள்ளத் திறந்துவிட்டது.

"கணக்கெல்லாம் சரி, நேரில் யார் பார்த்தா?" என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2009-ல் தன் ஐம்பதாவது ஆண்டை ஒட்டி ஒரு சோதனை செய்தது. 1959-ம் வருஷத்து செவர்லே பெல் ஏர் ஒன்றையும் 2009-ம் வருஷத்து செவர்லே மாலிபு ஒன்றையும், இரண்டையும் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில், எதிரெதிராக, ஒருபக்க மூக்கு மட்டும் இடிக்கும்படி மோதவிட்டார்கள். பெல் ஏர் என்பது கப்பல் மாதிரியான கார். குரோமியப் பம்பர், ஒன்றே கால் ஆள் நீளத்துக்கு வால். முடிவு என்ன? பழைய காரில் ஓட்டுநர் அறையே சுருங்கி, ஸ்டியரிங் பொம்மையின் மேல் பாய்ந்துவிட்டது. மனிதராக இருந்தால் உயிர் தப்பியிருக்க மாட்டார். புதுக் காரில் இருந்தவருக்குக் காலில் லேசான காயம் ஏற்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். "புதுசு எல்லாமே பத்திரம்" என்பதும் தப்பு. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, அன்று இந்தியாவில் விற்ற ஐந்து சிறு கார்களின் ஏர்பேக் இல்லாத மாடல்களை மோதிப் பார்த்தது. ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம். அதன் பிறகுதான் நம் நாட்டில் விதிகள் இறுகின. 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம் ஆனது. 2023 அக்டோபரில் நம்முடைய சொந்தச் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் வந்தது. ஆகவே தகட்டைத் தட்டிப் பார்க்காதீர்கள், நட்சத்திரத்தைப் பாருங்கள்.

இதை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எனக்கு வேண்டிய ஒருவர், எண்பதை நெருங்குபவர், தம் பழைய காரைக் கண்ணைப்போல் வைத்திருக்கிறார். பெயர் வேண்டாம். லீவுக்கு வரும் பேரக் குழந்தைகளை அதில் பின்சீட்டில் அடைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸ்வேயில் புனே போய்வருவார். பின்சீட்டில் பெல்ட்டே கிடையாது. பெண் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "இந்த வண்டிக்கு என்னடீ, மலை மாதிரி நிக்கும்" என்றாராம். மலை மாதிரி நிற்பதுதான் ஆபத்து என்பதை அவரிடம் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவரும் கணக்கு வாத்தியார் பிள்ளை; ஒன்றும் பேசாமல் அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புதுக் கார் வந்தால் பூஜை போட்டு நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுக்கிறோம். அதோடு பெல்ட்டையும் போட்டுக்கொண்டால் இரட்டைக் காப்பு.

இரண்டாவது வாக்கியம்: பெரிய எஞ்சின், பெரிய வேகம்.

இதற்கு நான் ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறேன். காரின் எடையை அதன் குதிரைத்திறனால் வகுத்துவிடுங்கள். ஒரு குதிரை எத்தனை கிலோ சுமக்கிறது என்று தெரிந்துவிடும். பத்மினி ஏறக்குறைய 900 கிலோ, 1089 சி.சி., 40 குதிரை. ஒரு குதிரைக்கு 22 கிலோவுக்கு மேல். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்றே சிலிண்டர். "தையல் மிஷின்" என்று கேலி செய்தவர்கள் உண்டு. அதற்கும் 40-க்குச் சற்றுக் குறைவான குதிரைகள்தான். ஆனால் எடை 650 கிலோவை ஒட்டி. ஒரு குதிரைக்கு 17 கிலோ. சிக்னலில் பச்சை விழுந்ததும் பியட்டும் அம்பாஸிடரும் பின்தங்கியதன் ரகசியம் இவ்வளவுதான். அடுத்த வருஷம் வந்த கான்டெஸாவைப் பாருங்கள். நீண்ட மூக்கு, அமெரிக்கக் களை, சினிமாவில் வில்லன் இறங்கும் வண்டி. ஆனால் முதலில் அதற்குள் இருந்தது அம்பாஸிடரின் பழைய 1489 சி.சி. எஞ்சின், 50 குதிரை. உடம்போ ஒரு டன்னுக்கு மேல். பிறகு ஜப்பானிய இசுஸு எஞ்சின் வந்த பிறகுதான் தோற்றத்துக்கேற்ற ஓட்டம் வந்தது.

இங்கிலாந்தில் லோட்டஸ் கம்பெனியை நடத்திய காலின் சாப்மன் இந்த வகுத்தல் கணக்கை வைத்தே பெயர் வாங்கினார். 1962-ல் வந்த அவருடைய எலான் காரின் எஞ்சின் வெறும் 1558 சி.சி.; குதிரைகள் 105. ஆனால் எடை 700 கிலோவுக்கும் குறைவு. ஒரு குதிரைக்கு ஆறரை கிலோ சுமை! எஞ்சினைப் பெரிதாக்கினால் நேர் ரோட்டில் மட்டும் வேகம் கூடும். எடையைக் குறைத்தால் கிளம்புவது, திரும்புவது, நிற்பது மூன்றும் சேர்ந்து நன்றாகும்.

நம்மவர்களுக்கும் இது தெரியும். நான் காலேஜில் படித்த நாட்களில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் கார் பந்தயம் பார்க்கப் போவதுண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. வீட்டில் காய்கறி வாங்கப் போகும் அதே பியட்டும் ஹெரால்டும் அங்கே வேறு அவதாரம் எடுக்கும். சீட்டைக் கழற்றுவார்கள், பம்பரைக் கழற்றுவார்கள், ஸ்டெப்னியை இறக்கிவிடுவார்கள். எடைதான் முதல் எதிரி. பிறகு 1980களின் பிற்பாதியில் கோயம்புத்தூர் கரிவரதன், மாருதி 800 எஞ்சினையே வைத்து ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் கார்களைச் செய்தார். பார்முலா மாருதி என்று பெயர். பின்னாளில் பார்முலா ஒன்றில் ஓட்டிய நம் நரேன் கார்த்திகேயனும் அந்த வகைப் பந்தயத்தில் ஆரம்பித்தவர்தான்.

ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிற அன்பர்கள் நிற்பதைப் பற்றிப் பேசுவதே இல்லை. நாலு பேரோடு 1,200 கிலோ இருக்கும் ஒரு கார் கண்டாலா காட்டில் 500 மீட்டர் உயரம் இறங்கினால், பிரேக்கோ எஞ்சினோ தின்று தீர்க்கவேண்டிய சக்தி 60 லட்சம் ஜூல். 20 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான உஷ்ணம். பழைய கார்களில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மூடிய டப்பாவுக்குள் இவ்வளவு உஷ்ணமும் சேர்ந்தால் பெடலை மிதித்தும் பிடிப்பு குறையும். அதனால்தான் பழைய டிரைவர்கள் "ஏறின கியரிலேயே இறங்கு" என்பார்கள். இந்த அபிப்பிராயம் நூற்றுக்கு நூறு விஞ்ஞானம். எஞ்சினே பாதி பிரேக்காக வேலை செய்யும்.

மூன்றாவது வாக்கியம்: ஓட்டும் சுகம்.

இதில் நான் பழைய கார் அன்பர்கள் பக்கம். பவர் ஸ்டியரிங் இல்லாத காரில், ஒல்லி டயர் ரோட்டை எவ்வளவு பிடித்துக்கொண்டிருக்கிறது என்ற செய்தி நேராக உள்ளங்கைக்கு வரும். 60 கி.மீ. வேகமே 100 மாதிரி இருக்கும். பத்மினியின் ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும் கை கியரைச் சத்தமில்லாமல் மாற்றுவது ஒரு வித்தை. புதுக் காரில் மெத்தையும் ஏ.சி.யும் சேர்ந்து அந்தச் செய்தியை வழியிலேயே வாங்கிவைத்துக்கொண்டு விடுகின்றன. மின்சாரக் காரில் மிதித்த மாத்திரத்தில் முழு இழுவிசையும் வந்துவிடுகிறது. கியரும் இல்லை, சத்தமும் இல்லை. கணக்கில் அது ஜெயிக்கிறது. கைக்கு வேலை இல்லையே என்று ஒருவர் வருத்தப்பட்டால் அதைக் கணக்கால் மறுக்க முடியாது.

உலகம் முழுவதும் இந்தச் சண்டை உண்டு. 1963-ல் அறிமுகமான போர்ஷே 911-க்கு எஞ்சின் பின்பக்கம், பின் அச்சுக்கும் அப்பால். புத்தகப்படி அது தப்பான இடம். ஆனாலும் விடாமல் திருத்தித் திருத்தி உலகப் புகழ் பெற்றார்கள். 1990களின் கடைசியில் காற்றால் குளிரும் எஞ்சினை விட்டுத் தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கு மாறியபோது, "இது 911-ஏ இல்லை" என்று பழைய அன்பர்கள் கொதித்தார்கள். புதுசு வேகமானது, சுத்தமானது என்பது அளந்து சொன்ன விஷயம். பழசின் சத்தம் இனிமை என்பது ருசி. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம். நம் டோம்பிவிலி நண்பரின் ஹெரால்டும் அப்படித்தான். சந்துக்குள் அது வளைகிற அழகே அழகு. ஆனால் வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று காலை எடுத்தால், அதன் ஆடும் பின் அச்சு சக்கரத்தை உள்ளே மடக்கி வாலை வெளியே வீசும். அழகை ரசிப்பவருக்கு இதுவும் தெரிந்திருக்கவேண்டும்.

கடைசியாக, வீட்டில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வருஷம் தாண்டிய, சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத சொந்த உபயோக வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துள்ள தனி நம்பர் கிடைக்கும். கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர் போன்றவற்றுக்கு வெளியே எடுக்கலாம். தினசரி உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. நல்ல விதிதான். ஆனால் நம்மிடம் உள்ளவை பெரும்பாலும் 1980, 90களின் வண்டிகள். விண்டேஜும் இல்லை, வாலிபமும் இல்லை. இவை 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு வாழவேண்டும். 20 வருஷம் தாண்டிய காருக்கு இந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. தில்லி வட்டாரத்தில் பழைய வண்டிகளுக்குத் தனி உத்தரவுகள் உண்டு; அங்கே உறவினர் வைத்திருந்தால் விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொன்று பெட்ரோல். 2025-ல் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. தவிர, பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் அது அரிக்கும். காற்றின் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் டாங்கியில் பெட்ரோலோடு நிறுத்தி வைக்காதீர்கள். ரப்பர் பாகங்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இதனால் காரின் பழைமைக்கு ஒரு குறையும் வராது.

2003 அக்டோபரில் பதிவான மும்பையின் கடைசிப் பத்மினி டாக்ஸி, 20 வருஷ வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. அரசாங்க உத்தியோகம் மாதிரியே தேதி குறித்து அனுப்பினார்கள்! நானும் அப்படி ஓய்வு பெற்றவன்தான். ஓய்வு பெற்றவருக்கு மரியாதை தரவேண்டும். பழைய சுமையை மறுபடியும் அவர் தலையில் ஏற்றக்கூடாது. பழைய கார் இருந்தால் துடைத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், ரோடு காலியாக இருக்கும்போது, 40, 50 வேகத்தில் நீங்களே ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். ஆர்.சி. புத்தகத்தையும் பழைய பில்களையும் பத்திரப்படுத்தி, பேரனுக்குப் பானட்டைத் திறந்து ஒவ்வொரு பாகமாகச் சொல்லிக் கொடுங்கள். அந்தப் படிப்பைப் புதுக் கார் தராது. ஆனால் நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகும்போது நட்சத்திரம் வாங்கிய புதுக் காரில் போங்கள். பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். மாமிகள் புடவை கசங்கும் என்று பார்க்கவேண்டாம், இஸ்திரி போட்டுக்கொள்ளலாம்.

காபி வந்துவிட்டது என்று வாசனை சொல்கிறது. அம்பாஸிடர் பெரிதா, பியட் பெரிதா என்ற தீர்ப்பை மட்டும் நான் சொல்லவில்லை. அதைக் கீழே செருப்பு மாட்டும் இடத்தில் நீங்களே தொடரலாம்.